கறுவாத் தீவின் கணக்கு

மதுரைக் கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் நடக்கும் கடைகளில் ஏதேனும் ஒன்றில் நுழைந்து, "பட்டை வேண்டும்" என்று கேட்டால், கடைக்காரர் மறு கேள்வி கேட்பதில்லை. தடித்துக் கரடுமுரடாய், செம்பழுப்பு நிறத்தோடு சாக்கில் கிடக்கும் மரப்பட்டைத் துண்டுகளை அள்ளி நிறுத்துப் பொட்டலம் கட்டிவிடுவார். "சுருள்பட்டை இருக்கிறதா?" என்று விசாரித்தால்தான் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து வேறொரு டப்பாவைக் கொண்டுவருவார். காகிதத்தைப்போல் மெல்லிய தோல்கள் ஒன்றினுள் ஒன்றாகச் சுருண்டு, சுருட்டின் வடிவத்தில் நீண்டிருக்கும் வெளிர்நிறக் குச்சிகளை அதிலே காணலாம். விலையைக் கேட்டவுடன், வந்தவர்களில் முக்காலே மூன்று வீசம் பேர் முதலிற் பார்த்த சாக்கிற்கே திரும்பிவிடுகிறார்கள். வித்தியாசம் சில ரூபாய் அல்ல, சில மடங்கு.

சாக்கில் இருப்பது வியட்நாம், சீனம், இந்தோனேசியா ஆகிய தேசங்களிலிருந்து வரும் கேசியா என்னும் பட்டை. டப்பாவில் இருப்பது இலங்கைத் தீவின் கறுவா. இரண்டும் ஒரே மரக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஒரே மரத்தினுடையவை அல்ல. நம் வீட்டுப் பெண்மணிகள் இரண்டையும் "பட்டை" என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். அவர்கள்மீது குற்றம் சொல்வதற்கில்லை. உலகத்தின் பெரிய சந்தைகளிலும் இதே குழப்பந்தான் நிலவுகிறது. அந்தக் குழப்பத்தில் லாபம் அடைகிறவர்களும் இருக்கிறார்கள், நஷ்டம் அடைகிறவர்களும் இருக்கிறார்கள். நஷ்டம் அடைகிறவர் யார் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறையப் பாதியே உள்ள சிறு தீவு இலங்கை. பள்ளிக்கூடப் பூகோளப் பாடங்களில் அதன் விளைபொருள்களாகத் தேயிலையும் ரப்பரும் தேங்காயும் முதலிற் சொல்லப்படும். வாசனைத் திரவியங்கள் கடைசியில் ஒரு சொல்லாய் ஒட்டிக்கொண்டு நிற்கும். பணக் கணக்கில் அது நியாயந்தான். தேயிலை ஆண்டொன்றுக்குச் சுமார் 130 கோடி டாலர் ஈட்டித் தரும்போது, கறுவா கொண்டுவருவது 20 கோடி டாலர் அளவே. எனினும் தேயிலை, ரப்பர் இரண்டும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டவை. கறுவாவோ தீவின் சொந்த மரம். உலகில் விற்பனையாகும் அசல் கறுவாவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்றும் இலங்கையிலிருந்தே போகிறது. மடகாஸ்கரும் செய்ஷெல்ஸும் கொஞ்சம் அனுப்புகின்றன, அவ்வளவே.

இப்படி ஒரு சரக்கு ஏறக்குறைய ஒரே தேசத்தின் கையில் இருந்தால், அந்தத் தேசம் கேட்ட விலைதானே விலை? அப்படித்தான் யாரும் நினைப்பார்கள். முன்னூறு வருஷங்களுக்கு முன் டச்சுக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

போர்த்துக்கேசியர் 1505-ஆம் ஆண்டையொட்டி இலங்கைக் கரைக்கு வந்தனர். கறுவாவின் ருசி கண்டு அங்கேயே தங்கினர். கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கன் அவர்களைத் துரத்துவதற்காக 1638-இல் டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்துகொண்டான். டச்சுக்காரர் 1640-இல் காலிக் கோட்டையையும், 1656-இல் கொழும்பையும் பிடித்தனர். பிடித்ததைத் தாங்களே வைத்துக்கொண்டனர். "இஞ்சியைக் கொடுத்து மிளகு வாங்கினான் ராஜா" என்று சிங்களவர் இன்றும் சொல்வதுண்டு. போனது ஒரு சனியன், வந்தது இன்னொரு சனியன் என்பது கருத்து. நமது சரித்திரத்தில் இப்படி இஞ்சி கொடுத்து மிளகு வாங்கிய நவாபுகளுக்கும் பாளையக்காரர்களுக்கும் குறைவில்லை.

டச்சுக் கம்பெனியின் ஏகபோகம் எத்தகையது என்பதை வாசகர்கள் அறிதல் வேண்டும். கம்பெனிக்குத் தெரியாமல் கறுவா உரிப்பதும், விற்பதும், கடத்துவதும் மரண தண்டனைக்குரிய குற்றங்கள். பட்டை உரிக்கும் கடமை, 'சலாகம' என்ற ஒரு குலத்தாரின் தலையில் கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டது. தங்கள் முன்னோர் இந்தியக் கரையிலிருந்து சென்ற நெசவாளர் என்பது அக்குலத்தாரின் மரபுச் செய்தி. தறியில் உட்கார வேண்டியவர்கள் காட்டில் அலைந்து, ஆள் ஒருவருக்கு இவ்வளவு பட்டை என்று அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. கண்டி ராஜ்யத்துக் காடுகளையே நம்பியிருப்பது ஆபத்து என்று கண்டு, 1765-க்குப் பிறகு, பால்க் என்ற கவர்னர் காலத்தில், கொழும்புக்கருகே மருதானையில் கறுவாவைத் தோட்டப் பயிராக்கினர். கொழும்பு நகரில் இன்று தனவான்களும் தூதராலயங்களும் வாழும் பகுதிக்குக் 'கறுவாத் தோட்டம்' என்ற பெயர் வந்தது அதனால்தான்.

இங்கே காட்டுக்குள் ஒரு குச்சியை ஒடித்தவனுக்குத் தண்டனை. அங்கே ஐரோப்பாவில் என்ன நடந்தது? 1760-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில், விலை இறங்கிவிடக்கூடாது என்பதற்காகக் கம்பெனியார் வாசனைத் திரவியங்களை மலைபோல் குவித்துக் கொளுத்தியதை, நேரிற் கண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

விலையை இப்படி உயரத்திலே கட்டி வைத்ததன் பலன் யாது? வாங்குகிறவன் வேறு வழி தேடினான். சீனத்துக் கேசியா மலிவாகக் கிடைத்தது. மணம் சற்று முரடாயினும் வேலை நடந்தது. 1796-இல் இலங்கைக் கரையைக் கைப்பற்றிய பிரிட்டிஷாரும் பாடம் கற்கவில்லை. ஏகபோகத்தை 1833-இல் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ராத்தலுக்கு 3 ஷில்லிங் ஏற்றுமதி வரியைப் போட்டனர். வெளிச்சந்தையில் கேசியா மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. டச்சுக்காரரும் சும்மா இருக்கவில்லை. இலங்கையை இழந்தபின் ஜாவாவில் கறுவா பயிரிட்டனர். நமது மலபாரிலே அஞ்சரக்கண்டியில் இங்கிலீஷ்காரர்களே முன்னதாக ஒரு பெரிய கறுவாத் தோட்டம் போட்டிருந்தனர். வரியைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் அடியோடு ஒழிப்பதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. துரைமார்கள் காப்பிக்குத் தாவினார்கள், பிறகு தேயிலைக்கு. கறுவா, தெற்கத்திய மாகாணத்துச் சிறு குடியானவர்களின் தோட்டங்களில் தங்கிவிட்டது. காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களே இன்றும் அதன் முக்கிய விவசாயிகள்.

ஆகவே, கேசியா என்னும் போட்டியாளனை வளர்த்துவிட்டது தீவின் குடியானவன் அல்ல. தீவை ஆண்டவர்களின் பேராசை. ஆனால் போட்டியின் பாரத்தைச் சுமப்பவன் குடியானவன்தான். உலகில் விளையும் பட்டை வகைகள் அனைத்தையும் கூட்டினால் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் வரும். அதிலே இலங்கை அனுப்புவது 18,000 டன் அளவு. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அசல் சரக்கில் அரசனாக இருந்தும், 'பட்டை' என்ற பொதுச் சந்தையில் அவன் சிற்றரசன். கேசியாவின் விலை இறங்கினால் கறுவாவையும் கீழே இழுக்கிறது.

கறுவாவை யார் வாங்குகிறார்கள் என்ற விஷயம் வெகு விநோதமானது. பக்கத்திலுள்ள நாமல்ல, ஐரோப்பியரும் முதலிடத்தில் இல்லை. பூமியின் மறுபுறத்திலுள்ள மெக்சிகோ தேசம் ஏற்றுமதியில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. பெரு, கொலம்பியா, ஈக்குவடார் முதலிய தென்னமெரிக்க நாடுகளும் வாங்குகின்றன. ஸ்பானியர் ஆட்சியில் பழகிய நாக்கு அது. 'கனேலா' என்று பெயரிட்டு, காப்பியிலும் சாக்லேட்டிலும் பாலன்னத்திலும் இடுகிறார்கள். கேசியாவை அவர்கள் நாக்கு எளிதில் ஏற்பதில்லை. இது இலங்கைக்குப் பாக்கியந்தான். ஆயினும் ஒரே வீட்டாரை நம்பிப் பால் கறக்கிறவனுக்கு உள்ள கவலை அதற்கும் உண்டு.

அந்தக் கவலை வீண் கவலையன்று என்பதற்கு மற்றொரு தீவின் கதை சாட்சி. கிழக்காப்பிரிக்கக் கரையோரத்திலுள்ள சான்சிபார் தீவு கிராம்புக்குப் பேர் போனது. கட்ச் தேசத்து இந்திய வர்த்தகர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கிராம்பு வியாபாரம் செய்துவந்தனர். பிரிட்டிஷ் ஸர்க்காரின் ஆதரவில் 1937-இல் ஏற்பட்ட சட்டமொன்று, கிராம்பு வாங்கும் ஏகபோகத்தை உற்பத்தியாளர் சங்கம் என்ற ஓர் அமைப்பின் கையில் ஒப்படைத்து, இந்தியரை வெளியே தள்ளியது. காங்கிரஸ் மகாசபை சான்சிபார்க் கிராம்பைப் பகிஷ்கரிக்கும்படி தேசத்தாரைக் கேட்டுக்கொண்டது. அக்காலத்தில் கிராம்பு வாங்குவதில் முன்னணியில் நின்றது இந்தியா. மாதங்கள் சில செல்வதற்குள் தீவின் வியாபாரம் முடங்கி, 1938 மே மாதத்தில் சமரசம் ஏற்பட்டது. அது நமக்கு ஜயந்தான். அதைப் பற்றிப் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களில் கையில் காசில்லாமல் திண்டாடியவர்களுள், சட்டம் செய்த துரைகளைவிட, கிராம்பு மொக்குப் பறித்த ஆப்பிரிக்க ஏழைகளே அதிகம் இருந்திருப்பார்கள் என்பதையும் நான் நினைக்காமலிருக்க முடியவில்லை.

சான்சிபார் கதை அத்தோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் அதன் கிராம்பை அள்ளி அள்ளி வாங்கியது இந்தோனேசியா. அந்நாட்டார் புகையிலையோடு கிராம்பைக் கலந்து 'கிரெடெக்' என்னும் சிகரெட்டுச் செய்கிறார்கள். கிராம்பின் ஆதி வீடே அவர்களுடைய மலுக்குத் தீவுகள்தான். "நம் வீட்டுப் பயிரை நாம் ஏன் பிறரிடம் வாங்கவேண்டும்?" என்று யோசித்துத் தாங்களே நட்டார்கள். 1980-களில் இந்தோனேசியா தன் தேவைக்குத் தானே விளைவித்துக்கொண்டது. உலக விலை பாதாளத்துக்குப் போயிற்று. அதற்கு முன்பே கிராம்புக் கொள்முதல் முழுவதையும் ஸர்க்கார் ஏகபோகமாக்கி, உலக விலையில் சிறு பகுதியை மட்டும் குடியானவனுக்குக் கொடுத்துவந்த சான்சிபாரில், பெம்பாத் தீவுக்காரர்கள் இரவோடிரவாகப் படகேறி மொம்பாசாவுக்குச் சரக்கைக் கடத்தினார்கள். ராஜா மாறினாலும் ஏகபோகத்தின் குணம் மாறுவதில்லை போலும்!

மீண்டும் இலங்கைக்கு வருவோம். பெயர்க் குழப்பத்தைப் பற்றி முதலில் சொன்னேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கேசியாவையும் கறுவாவையும் 'சின்னமன்' என்ற ஒரே பெயரால் விற்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. நம் தேசத்து உணவுத் தர விதிகள் இரண்டையும் வெவ்வேறாக வகுத்திருக்கின்றன. சாக்கின்மேல் எழுதி ஒட்டுகிறவர்தான் குறைவு. கேசியாவில் 'கூமரின்' என்ற ஒரு பொருள் கணிசமாக உண்டு. அதிகமாக உட்கொண்டால் சிலருடைய ஈரலுக்குத் தீங்கு செய்யும் என்பது விஞ்ஞானிகள் முடிவு. இலங்கைக் கறுவாவில் அது அற்பத்திலும் அற்பம். ஜெர்மனியின் அதிகாரிகள் 2006-இல் இதைப் பற்றி எச்சரித்தனர். ஐரோப்பிய யூனியன் 2008-இல் ரொட்டிப் பலகாரங்களில் கூமரினுக்கு உச்ச அளவு விதித்தது. கறுவாவுக்கு இதைவிடச் சிறந்த சிபாரிசுக் கடிதம் ஏது? ஆனால் பெயர் ஒன்றாக இருக்கும்வரையில், சிபாரிசு யாருக்கு என்று வாங்குகிறவனுக்குத் தெரிவதில்லை. 'சிலோன் சின்னமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய யூனியன் 2022 பிப்ரவரியில் புவிசார் குறியீடு வழங்கியது. இலங்கைக்குக் கிடைத்த முதற் குறியீடு அது. நமது மதுரை மல்லிகைக்கு இருக்கும் மரியாதை போன்றது.

பெயரைக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அடுத்த ஆண்டே உலகம் கண்டது. 2023-இல் அமெரிக்காவில் குழந்தைகள் உண்ணும் ஆப்பிள் கூழில் ஈயம் கலந்திருப்பதாகத் தெரிந்து பெரும் பரபரப்பு உண்டாயிற்று. அதில் இட்ட கறுவா இலங்கையிலிருந்து போனது. விசாரித்ததில், குச்சியாக இருந்தபோது அதில் ஈயம் இல்லை. ஈக்குவடாரில் தூளாக்கிய இடத்தில்தான் கலப்படம் நேர்ந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். தீவு தன் சரக்கைக் குச்சியாகவே விற்றுவிடுவதில் உள்ள ஆபத்து இது. அரைப்பதும், எண்ணெய் வடிப்பதும், புட்டியில் அடைப்பதும் பிறர் கையில் இருக்கும்போது லாபமும் அவர்களிடம் போகிறது. பெயர் கெடுவது மட்டும் தீவுக்கு.

நம்மையும் இலங்கையையும் நேரே பிணைக்கும் சரக்கு கறுவா அன்று, மிளகு. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்படி, இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரையில் சுங்கமின்றி இந்தியாவுக்குள் வரலாம். பொதுச் சுங்கமோ 70 சதவீதம். இவ்வளவு பெரிய மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் தண்ணீர் ஓடாமலிருக்குமா? உலகில் மிக அதிகமாக மிளகு விளைவிப்பது வியட்நாம். அந்த மலிவு மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கைச் சரக்கென்ற பத்திரத்தோடு நம் துறைமுகங்களில் ஏறுகிறது என்று குடகு, கேரள விவசாயிகள் முறையிட்டனர். 2016-இல் கிலோ 700 ரூபாய் அளவில் விற்ற மிளகு, மறு ஆண்டின் முடிவில் 400-ஐ நெருங்கியது. நமக்கு வடமேற்கே, கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பவர்களும் அந்த அடியை வாங்கினார்கள். 2017 டிசம்பரில் இந்திய ஸர்க்கார், கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகை இறக்குமதி செய்யலாகாது என்று தடுத்தது.

தடுத்தது சரியே என்பதுதான் என் அபிப்பிராயம். எனினும் அந்தக் கதவு சாத்தியபோது நசுங்கியது யாருடைய விரல் என்பதையும் பார்க்க வேண்டும். மாத்தளை, கண்டிப் பக்கத்து மலைக் குடியானவன் வியட்நாம் மிளகை வாங்கி விற்றவன் அல்லன். அவனுடைய மிளகு காரமும் எண்ணெய்ச் சத்தும் மிகுந்தது. சாறு இறக்கும் நமது தொழிற்சாலைகள் அதற்காகவே தேடி வாங்கும். கலப்படப் பத்திரத்தால் லாபம் தின்றவர்கள் துறைமுகத்துத் தரகர்கள். விலை விழுந்தது இரு கரையிலும் கொடி வளர்த்தவனுக்கு. இலங்கை ஸர்க்கார் 2019 டிசம்பரில், மறு ஏற்றுமதிக்காக மிளகு, புளி, ஜாதிக்காய் முதலியவற்றை இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்தது. அந்தப் பட்டியலில் கறுவாவும் ஒன்று! கறுவாவின் பிறந்தகத்திலேயே வெளிநாட்டுப் பட்டையை இறக்கி ஏற்றக்கூடாது என்று உத்தரவு போட வேண்டியிருந்ததென்றால், வியாபாரம் போன போக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2022-இல் அத்தீவுக்கு நேர்ந்த கஷ்டங்களை இங்கு விவரிக்கத் தேவையில்லை. ராமேசுவரக் கரையில் வந்து இறங்கிய குடும்பங்களை நாம் கண்டோம். டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணயம், சில மாதங்களில் 360-ஐத் தாண்டியது. நாணய மதிப்பு வீழ்ந்தால் ஏற்றுமதிக்காரனுக்குக் கொண்டாட்டம் என்று பொருளாதாரப் புத்தகம் சொல்லும். டாலரில் விற்றவனுக்கு ரூபாய் அதிகம் கிடைத்தது உண்மை. ஆனால் உரமும் எண்ணெயும் அதே டாலரில்தான் வந்தன. அரிசியின் விலை ஏறிற்று. தவிர, ஏற்றுமதிக்காரன் கைக்கு வந்த ரூபாய், கிராமத்துத் தரகனைத் தாண்டித் தோட்டக்காரனிடம் சேரும்போது மெலிந்துவிடுகிறது. தோட்டக்காரனைத் தாண்டி உரிக்கிறவனிடம் சேரும்போது இன்னும் மெலிகிறது.

இந்த உரிக்கிறவனைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மழைக்காலத்தில், இளந்தளிர் சற்று முற்றியதும், இரண்டு வருஷத்துக் கொம்புகளை வெட்டி வருவார்கள். மேற்புறத் தோலைச் சீவி எறிந்துவிட்டு, பித்தளைக் கோலால் பட்டையை அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போதுதான் உட்பட்டை மரத்தை விட்டுக் கழலும். பிறகு சிறு கத்தியால் நீளக் கீறி, கிழியாமல் உரிப்பார்கள். உரித்த தோல்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, துண்டு துணுக்குகளை உள்ளே திணித்து, 42 அங்குல நீளத்துக்குக் குழல்களாக்கி, கூரைக்கடியில் கட்டிய கயிறுகளின்மேல் நிழலில் உலர்த்துவார்கள். குழல் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு உயர்வு. ஆறு மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலுக்கு 'ஆல்பா' என்று பெயர். அதுவே முதல் தரம். ஒருவர் நாள் முழுதும் குந்தியிருந்து வேலை செய்தாலும் சில கிலோவே தேறும். கூலியாக, உரித்த சரக்கின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொடுப்பது வழக்கம். கேசியாவுக்கு இந்த நகாசு வேலை ஒன்றும் கிடையாது. மரத்தை வெட்டி, பட்டையைப் பெயர்த்து, வெயிலில் போட்டுவிட்டால் முடிந்தது. கீழமாசி வீதியில் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தின் பெரும் பகுதி இந்தக் கைவேலையின் விலை.

பங்கு தாராளமாகத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். ஆனாலும் ஆள் கிடைக்கவில்லை. கொம்பு வெட்டும் பக்குவத்தில் நின்றும், உரிக்கக் கையில்லாமல் பருவம் தவறிப்போகும் தோட்டங்கள் தென்னிலங்கையில் ஏராளம். மழைக்காலத்தில் மட்டும் கிடைக்கும் வேலை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், டச்சுக்காரன் காலத்துக் கட்டாய ஊழியத்தின் நிழல். உரிப்பது தாழ்ந்த குலத்தின் தொழில் என்ற எண்ணம் ஊராரிடமும் போகவில்லை, உரிப்பவர்களிடமும் போகவில்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளை தகப்பன் கத்தியைத் தொடுவதில்லை. தையல் தொழிற்சாலைக்கோ, வளைகுடா நாட்டுக்கோ போகிறான். உபாத்தியாயராகிய நான் அந்தப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ள முடியாது. ஏகபோகம் போய் இருநூறு வருஷம் ஆகப்போகிறது; அது விட்டுச் சென்ற இழிவு மட்டும் ஏற்றுமதிக் கணக்கில் இன்னும் பற்று எழுதிக்கொண்டிருக்கிறது.

இந்த நிலையை மாற்றச் சில முயற்சிகள் நடக்கின்றன. காலிக்குப் போகும் கடற்கரைச் சாலையில் கொஸ்கொடை என்ற ஊரில் கறுவாத் தொழிலுக்கென்றே ஒரு பயிற்சிச் சாலை வைத்து, உரிப்பதைப் படிப்பாகக் கற்பித்துச் சான்றிதழ் வழங்குகிறார்கள். தோல் சீவவும் தேய்க்கவும் யந்திரங்கள் வந்திருக்கின்றன. ஆனால் ஆல்பாக் குழலை உரித்துச் சுருட்டும் யந்திரம் மனிதக் கையை வெல்லவில்லை. புதிதாகக் கட்டிய உரிப்புச் சாலைகளில், தரையிலே சாக்கை விரித்துக் குந்தி வேலை செய்யும் பழைய வழக்கத்தை எடுத்துவிட்டு, எஃகு மேஜைகள் போட்டிருக்கிறார்கள். வெள்ளைக் குல்லாயும் மேலங்கியும் அணிந்து, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். ஐரோப்பிய வியாபாரிகள் சுத்தத்தை முன்னிட்டுக் கேட்ட ஏற்பாடு அது. வீட்டுத் தாழ்வாரத்தில் உரிக்க வரமாட்டேன் என்ற இளைஞர்கள் சிலர், அந்த மேஜைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.